பாடசாலை பஸ்ஸின் புகையும் அரசாங்க மானியமும்

குளிர்காலம் தொடங்கினால் என் கிளினிக்கிற்கு இருமலோடும் இழுப்போடும் வரும் பிள்ளைகளின் தொகை கூடிவிடும். பெற்றோரிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்பேன். வீட்டில் யாராவது புகைப்பவர்களா? பூனை, நாய் உண்டா? இவற்றோடு இன்னொன்றையும் கேட்பேன்: "பிள்ளை பாடசாலைக்கு எப்படிப் போகிறார்?" பெரும்பாலும் வரும் பதில், "மஞ்சள் பஸ்ஸில்தான் டொக்டர், அதில் என்ன?" என்பதுதான். அதில் என்ன என்பதையும், அதைத் திருத்த அரசாங்கம் ஒதுக்கிய பணத்தையும் பற்றி இம்முறை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விபத்து என்று பார்த்தால், பாடசாலைக்குப் போக காரைவிட மஞ்சள் பஸ்தான் பாதுகாப்பானது. எனவே இதை வாசித்துவிட்டு யாரும் பிள்ளையை பஸ்ஸிலிருந்து நிறுத்த வேண்டாம். பிரச்சினை பஸ்ஸில் அல்ல, பழைய டீசல் என்ஜினில்தான் இருக்கிறது.

டீசல் புகை என்ன செய்கிறது?

அமெரிக்காவில் ஏறத்தாழ 5 இலட்சம் பாடசாலை பஸ்கள் ஓடுகின்றன. அவற்றில் நாளாந்தம் சுமார் இரண்டரைக் கோடிப் பிள்ளைகள் பயணம் செய்கிறார்கள். பெரும்பாலான பஸ்கள் இன்னும் டீசலில்தான் ஓடுகின்றன. டீசல் புகையிலுள்ள கரித்துகள்கள் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கையும்விடச் சிறியவை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்க மாட்டா. அவை நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைக்கு இது இழுப்பைக் கிளப்பிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகையைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாவது பிரிவில் சேர்த்தது.

பிள்ளைகள் தங்கள் உடல் எடைக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலான காற்றைச் சுவாசிக்கிறார்கள். அவர்களின் நுரையீரல் பதின்ம வயதின் கடைசி வரை வளர்கிறது. தென் கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு, மாசான காற்றுள்ள ஊர்களின் பிள்ளைகளுக்கு நுரையீரல் வளர்ச்சி குறைவு என்று 2004இல் காட்டியது. காற்று சுத்தமானபோது வளர்ச்சியும் கூடியது என்பதை 2015இல் அதே ஆய்வு காட்டியது. ஆகவே காற்றைத் திருத்துவதால் பலன் உண்டு.

"நாங்கள் ஊரில் பார்க்காத புகையா?" என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களின் புகையை நானும் குடித்தவன்தான். அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது.

பஸ்ஸின் உள்ளே புகை எப்படி வருகிறது?

பின் குழாயில் வரும் புகையை மட்டும்தான் நாம் காண்கிறோம். பழைய என்ஜின்களில் பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயு முன்பக்கமாக, என்ஜின் மூடிக்குக் கீழே வெளிவிடப்படும். முன் கதவு திறக்கும்போதெல்லாம் அது உள்ளே வந்துவிடும். பாடசாலை வாசலில் பஸ்கள் வரிசையாக என்ஜினை ஓடவிட்டு நின்றால், ஒன்றின் புகை மற்றதற்குள் போகும்.

இங்கே 2007ஐ ஒரு எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டிலிருந்து வந்த டீசல் என்ஜின்களுக்கான கரித்துகள் அளவு, முன்பிருந்ததில் பத்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. அதனால் துகள் வடிகட்டி பொருத்த வேண்டி வந்தது. 2010இல் நைதரசன் ஒக்சைட்டுகளுக்கான அளவும் இறுக்கப்பட்டது. டீசல் என்ஜின்கள் நீண்ட ஆயுள் கொண்டவை. ஆகவே சட்டம் மாறினாலும், பழைய பஸ் தானாக ஓய்வு பெறாது.

மானியம் எப்படி வந்தது?

பழைய பஸ்ஸை மாற்ற ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகளிடம் பணம் இருப்பதில்லை. அதனால் 2005இல் டீசல் புகைக் குறைப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2012 முதல் பாடசாலை பஸ்களுக்கென்று மானியம் வழங்கப்பட்டது. 2021இல் நிறைவேறிய உட்கட்டமைப்புச் சட்டம், 2022 முதல் 2026 வரையான ஐந்து நிதியாண்டுகளுக்கு 5 பில்லியன் டொலரை ஒதுக்கியது. அதில் பாதி மின்சார பஸ்களுக்கு மட்டும் உரியது. 2022இன் முதற் சுற்றில், வருமானம் குறைந்த இடங்களுக்கும் கிராமப்புறங்களுக்கும் பழங்குடி மக்களின் பாடசாலைகளுக்கும் முன்னுரிமை இருந்தது. அவற்றுக்கு ஒரு பெரிய மின்சார பஸ்ஸுக்கு 375,000 டொலர் வரை கிடைத்தது.

இதில் ஒரு நிபந்தனை எனக்குப் பிடிக்கும். மாற்றப்படும் பழைய டீசல் பஸ்ஸின் என்ஜினில் மூன்று அங்குலத் துளை போட்டு, அதை மீண்டும் ஓட முடியாமல் செய்துவிட வேண்டும். ஓய்வு பெற்ற அமெரிக்க பஸ்கள் பல குவாத்தமாலா போன்ற நாடுகளில் இன்னும் ஓடுகின்றன. எங்கள் பிள்ளை விட்ட புகையை இன்னொரு நாட்டுப் பிள்ளை குடிப்பது தீர்வாகாது.

பலன் உண்டா?

2012 முதல் 2017 வரை விண்ணப்பித்தவர்களுக்குக் குலுக்கல் முறையில்தான் மானியம் கிடைத்தது. ஆகவே கிடைத்த இடங்களையும் கிடைக்காத இடங்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட முடிவின்படி, 10,000 மாணவர்கள் உள்ள ஒரு டிஸ்ட்ரிக்டில், மானியம் கிடைத்த பின் நாளொன்றுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள் கூடுதலாகப் பாடசாலைக்கு வந்தார்கள். மிகப் பழைய பஸ்களை மாற்றிய இடங்களில் பலன் இன்னும் கூட. ஆறு பேர் என்பது சிறிய தொகையாகத் தெரியலாம். ஆனால் அது ஒவ்வொரு பாடசாலை நாளும் ஆறு பேர்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. டிஸ்ட்ரிக்டின் போக்குவரத்துப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "என் பிள்ளையின் பஸ் என்ஜின் எந்த ஆண்டுக்குரியது?" என்று கேட்டாலே போதும்.

2. மானியத்துக்கு விண்ணப்பித்தார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் விதிகளும் தொகையும் மாறும். மாநில அரசுகளின் திட்டங்களும் உண்டு. கேட்காத டிஸ்ட்ரிக்டுக்குப் பணம் தேடி வராது. தனியார் கம்பனி பஸ் ஓட்டினாலும் கேட்க வேண்டிய இடம் டிஸ்ட்ரிக்ட்தான்.

3. ஸ்கூல் போர்ட் கூட்டத்துக்குப் போங்கள். ரியூஷனுக்கும் நடன வகுப்புக்கும் ஓடும் நாங்கள் அங்கே மட்டும் போவதில்லை. இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனால் பேச்சு எடுபடும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் எழுதிக்கொண்டு போய் வாசியுங்கள்.

4. நின்றபடி என்ஜினை ஓடவிடுவதற்குப் பல மாநிலங்களில் கால எல்லை உண்டு. நியூ ஜேர்சியில் பொதுவாக மூன்று நிமிடம். பாடசாலை வாசலில் காத்திருக்கும்போது உங்கள் கார் என்ஜினையும் நிறுத்துங்கள்.

5. இரவில் இருமல், ஓடினால் இருமல், மூச்சில் விசில் சத்தம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டு உள்ள பிள்ளையின் இன்ஹேலரும், மருத்துவர் எழுதிய சிகிச்சைத் திட்டமும் பாடசாலைத் தாதியிடம் இருக்க வேண்டும்.

மருந்து எழுதுவது என் வேலை. பிள்ளை சுவாசிக்கும் காற்றை மாற்ற என்னால் தனியே முடியாது. ஒரு மின்னஞ்சலுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.