சின்ன வீட்டில் நல்ல தண்ணி சேமிப்பது எப்படி?

மூன்றாமாண்டு, சிவில் பிரிவு



நம்ம திருப்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள், வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடுவாங்க?" என்றுதான் கேட்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாக இருக்கும். நமக்கு அது வாழ்க்கை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, ஒரு சின்ன சமையற்கட்டு, வெளியே பொதுக் குளியலறை. இதுதான் லைன் வீடு. இதற்குள் நான்கைந்து பேர் படுக்க வேண்டும், பீரோ நிற்க வேண்டும், தையல் மெஷின் நிற்க வேண்டும். மிச்சமிருக்கிற மூலையில்தான் தண்ணீர்!

குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் நமக்கு நல்ல தண்ணி. போர்வெல்லில் வருவது சப்பைத் தண்ணி. குடிக்க, சமைக்க நல்ல தண்ணி அல்லது ஆர்.ஓ. கேன் தண்ணி. காசு கொடுத்தோ, கால் கடுக்க நின்றோ வாங்கிய அந்தத் தண்ணீரை வீட்டுக்குள் எப்படி வைக்கிறோம் என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. சுத்திகரிப்பது பாதி வேலை, அதைக் கெடாமல் வைப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊருக்கு ஏன் இந்த நிலை?

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டும் என்றால் உப்புப் போட வேண்டும். சாயம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு உப்பு. கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலும் போடுவது உண்டு. கடல் நீரில் இருப்பதே லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான்! துணி நிறத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. அந்த உப்பு வருடக்கணக்கில் ஆற்றுக்கும் நிலத்தடிக்கும் போனது. 1992ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பட்டறைகளே இயங்க முடிந்தது. ஆனால் பூமிக்குள் ஏற்கெனவே இறங்கிய உப்பு ஒரே நாளில் போய்விடாது. அதனால்தான் குடிக்கிற தண்ணீருக்கு இன்றும் பவானி, காவிரித் தண்ணீரை எதிர்பார்க்கிறோம், அல்லது ஆர்.ஓ. மெஷினை நம்புகிறோம்.

ஆர்.ஓ. என்ன செய்கிறது?

இரண்டு பக்கமும் நீர், நடுவில் ஒரு சவ்வு. உப்பு நீர்ப் பக்கம் அழுத்தம் கொடுத்தால் நீர் சவ்வைத் தாண்டும், உப்பு பெரும்பாலும் பின்தங்கும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த சவ்வை 1960ஐ ஒட்டி அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். இன்னொருவர் இந்தியாவில் பிறந்த சௌரிராஜன்! 1965ல் கோலிங்கா என்ற சிறிய ஊரில் இந்த முறையில் குடிநீர் நிலையம் தொடங்கியது. அந்த ஊரின் நிலத்தடி நீரும் நம்ம ஊர் போலவே உப்பு.

இங்கே ஒரு கணக்கு. வீட்டு மெஷினில் 1 லிட்டர் நல்ல நீருக்கு சுமார் 2 முதல் 3 லிட்டர் வெளியே போகும். 1500 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீர் 3 லிட்டர் உள்ளே போனால், உப்பு மொத்தம் 4500 மில்லிகிராம். வெளிவரும் 1 லிட்டரில் 100 இருந்தால், மீதி 4400ம் கழிவாக வரும் 2 லிட்டரில். அதாவது லிட்டருக்கு 2200. இதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். தரை துடைக்க, கக்கூஸ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான நீர் ஏன் கெடுகிறது?

இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, குடிநீரில் டி.டி.எஸ். 500க்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதே தரம் இன்னொன்றும் சொல்கிறது: குளோரின் கலந்து வழங்கும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அந்த மிச்சம்தான் காவல்காரன். பிறகு ஏதாவது கிருமி விழுந்தாலும் அது பார்த்துக்கொள்ளும்.

குளோரின் பட்டால் ஆர்.ஓ. சவ்வு பழுதாகும். அதனால் மெஷினுக்குள் இருக்கும் கார்பன் வடிகட்டி குளோரினை முதலிலேயே எடுத்துவிடும். ஆக, ஆர்.ஓ. நீர் காவல்காரன் இல்லாத வீடு. ஒரு அழுக்குச் செம்பு, ஒரு விரல் போதும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், டி.டி.எஸ். மீட்டரில் 60 காட்டும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. இதை நண்பர்கள் அவசியம் வீட்டில் சொல்லுங்கள்.

எவ்வளவு வேண்டும்?

நிறைய சேர்த்து வைத்தால் நல்லது என்று நினைக்கிறோம். சிவில் மாணவன் முதலில் கணக்குப் போட வேண்டும். குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். நான்கு பேருக்கு 20 லிட்டர். ஆறு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் 120 லிட்டர், ஒரு நாள் தாமதத்துக்கு 20 சேர்த்தால் 140. ஏழு கேன். இவ்வளவுதான் தனியாக, கவனமாக வைக்க வேண்டிய நீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ வைக்கும் நீருக்கு இந்தக் கவனம் முழுவதும் தேவையில்லை, அது வாசலில் டிரம்மில் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைப்பதால்தான் வீடே டிரம் ஆகிவிடுகிறது.

எதில் வைப்பது?

நம்ம ஊரில் நீல நிற டிரம் பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். அது எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சாயப்பட்டறைக்கும் சலவைக்கும் கெமிக்கல் வந்த டிரம். பெராக்சைடோ, அசிட்டிக் அமிலமோ, சாஃப்ட்னரோ, லேபிள் கிழிந்த பிறகு யாருக்குத் தெரியும்? பிளாஸ்டிக் சுவர் தன்னுள் வந்ததைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை முறை சோப்பு போட்டாலும் உள்ளே ஊறியது போகாது. "மூணு தடவை கழுவியாச்சுங்க, வாசமே இல்லை" என்பார்கள். வாசம் இல்லை என்பதற்காகப் பொருள் இல்லை என்று ஆகாது. முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் குடிக்கும் நீர் வைக்கவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

புதிதாக வாங்கும்போது உணவுத் தரம் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும். 2 என்றால் எச்.டி.பி.இ., 5 என்றால் பாலிபுரொப்பிலீன். எண் வகையைத்தான் சொல்லும், முன்பு உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. எவர்சில்வர் அண்டா, குடமும் நல்லதே. தகரம், துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம். உப்பு எடுத்த நீர் பசியோடு இருக்கும் நீர், உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும்.

இதில் நம்மைவிடக் கவனமானவர்கள் வீட்டில் கடல்மீன் தொட்டி வைப்பவர்கள். ஆர்.ஓ. நீரில் அதற்கென்று விற்கும் கடல் உப்பைக் கரைத்துத் தொட்டிக்கு ஊற்றுவார்கள். தொட்டியில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரையே சேர்க்க வேண்டும். சுத்த நீருக்கு ஒரு கேன், உப்பு நீருக்கு ஒரு கேன், இரண்டும் மாறவே மாறாது. துளி செம்பு கலந்தாலும் பவளமும் இறாலும் செத்துப்போகும் என்பதால் உலோகப் பாத்திரம் பக்கமே போக மாட்டார்கள். மீனுக்கு இவ்வளவு பார்க்கும்போது, நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டாமா?

எங்கே வைப்பது?

200 லிட்டர் டிரம்மின் விட்டம் சுமார் 58 செ.மீ. தரையில் பிடிக்கும் இடம் 0.26 சதுர மீட்டர். இதே இடத்தில், 90க்கு 30 செ.மீ. அளவில் இரண்டு அடுக்கு ஆங்கிள் ஸ்டாண்டு வைத்தால், அடுக்குக்கு மூன்று வீதம் ஆறு கேன், 120 லிட்டர். ஏழாவது கேன் குழாய் வைத்ததாகச் சமையற்கட்டு மேடையில். டிரம்மை விட அளவு குறைவுதான். ஆனால் டிரம்மில் கை விட்டு மொள்ள வேண்டும், கழுவுவதற்குக் கவிழ்க்க வேண்டும், கிருமி விழுந்தால் 200 லிட்டரும் வீண். கேனில் விழுந்தால் 20 லிட்டரோடு போகும். மூன்றாவது அடுக்கு வேண்டாம். 20 கிலோவைத் தலைக்கு மேல் தூக்குவது நம் அம்மாக்கள்தான் என்பதை மறக்கக்கூடாது. ஸ்டாண்டைச் சுவரில் ஒரு கொக்கி போட்டுக் கட்டுங்கள்.

மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1 லிட்டர் நீர் 1 கிலோ. நிரம்பிய டிரம் நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 770 கிலோ எடை இறங்கும். வீடுகளின் தளத்துக்கு ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. ஒரு டிரம்மை மூலையில் வைத்தால் தளம் பாரத்தைப் பரப்பிக்கொள்ளும். மூன்று நான்கு டிரம்மை அறையின் நடுவில், அதுவும் பழைய தளத்தில் வைப்பது வேண்டாத வேலை. சுவரை ஒட்டி, மூலையில் வையுங்கள். கேனும் அப்படியே. வெயில் படும் இடமும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்சு என்னப்பா தெரிஞ்சுக்கிட்ட?" என்று செக்கிங் வேலை பார்க்கும் என் அம்மா கேட்டபோது, ஸ்ட்ரக்சர் பாடத்தைக் காட்டத் தெரியவில்லை. தண்ணி மூலையில் நின்று இந்தக் கணக்கைச் சொன்னேன். "அட, அதுக்குத்தான் மூலையிலயே வைக்கச் சொல்றாங்களா!" என்றார். அவருக்குப் பழக்கத்தில் தெரிந்தது, எனக்குப் புத்தகத்தில் தெரிந்தது. இரண்டும் ஒன்றுதான்.

எப்படிப் பழகுவது?

1. பனியன் கம்பெனியில் பண்டிலுக்குச் சீட்டுப் போடுவது போல ஒவ்வொரு கேனிலும் நிரப்பிய தேதியை எழுதுங்கள். பழசை முதலில் எடுங்கள், புதுசு பின்னால் போகட்டும்.

2. குடிக்கும் நீரில் டம்ளரை முக்காதீர்கள். குழாய் வைத்த கேன், அல்லது நீளக் கைப்பிடி உள்ள கரண்டி. கரண்டியும் தனியாகத் தொங்கட்டும்.

3. காலியான கேனை உடனே நிரப்பக் கூடாது. பிரஷ் போட்டுக் கழுவி, அலசி, கவிழ்த்துக் காய வைத்து நிரப்புங்கள். குழாயின் வாயையும் கழுவுங்கள், அழுக்கு தங்குவது அங்கேதான்.

4. திறந்து வைத்திருந்த நீரையும், பல நாள் ஆன நீரையும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள். குளோரின் மாத்திரை போடுவதானால் அட்டையில் உள்ள அளவு, அரை மணி நேரம் பொறுமை.

5. மூடி இறுக்கமாக இருக்கட்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது, நாம் சேர்த்து வைத்த தெளிந்த நீரைத்தான் தேடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். நம்ம தண்ணி முறையும் கிட்டத்தட்ட அதே நாள்தான்! வாசலில் இருக்கும் டிரம்மை வாரம் ஒரு நாள் காலி செய்து, உள் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறுமனே நீரைக் கொட்டினால் போதாது.

நண்பர்களே! குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்பது நம் கையில் இல்லை. நிலத்தடி நீர் எப்போது இனிக்கும் என்பதும் இன்றைக்கு நம் கையில் இல்லை. வீட்டுக்குள் வந்த தண்ணீரை எந்தப் பாத்திரத்தில், எந்த மூலையில், எத்தனை நாள் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. இந்த வாரம் தண்ணி விடும் நாளில் உங்கள் வீட்டு டிரம்மின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் டிரம்மையும் பார்த்துச் சொல்லுங்கள். படித்தவன் என்று லைனில் நம்மைத்தான் கேட்பார்கள், கேட்பதற்கு முன்பே சொல்வோம்.