வெள்ளி ரூபாயின் நிறம்: தானே பழுத்ததா, பழுக்க வைத்ததா?

நம் வட்டாரத்துப் பழைய மளிகைக் கடைக்காரர் வீட்டு இரும்புப் பெட்டியில் பத்திரக் கட்டுக்கு அடியில் ஒரு துணிமுடிப்பு இருப்பது வழக்கம். விக்டோரியா ராணி தலை, ஏழாம் எட்வர்டு தலை, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் அதில் இருக்கும். ஆயுத பூஜைக்கு வெளியே வரும்; மறுநாள் உள்ளே போய்விடும். ஒரு காலத்தில் இவை எடைக்கல்லாகவும் உழைத்தவை. ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம், நூற்றிருபது தோலா ஒரு வீசை என்று நிறுத்துக் கொடுத்த தலைமுறையைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த ரூபாய்களை வாங்க வருகிறவர்கள் இப்போது வருடத்தை மட்டும் பார்ப்பதில்லை, நிறத்தையும் பார்க்கிறார்கள். ஓரத்தில் நீலம், அதற்குள் செம்மை, நடுவில் பொன்மஞ்சள் என்று வானவில் போல நிறம் ஏறிய காசுக்குச் சேகரிப்பாளர்கள் தனி விலை வைக்கிறார்கள். அவர்கள் வழக்கில் இதற்கு ‘டோனிங்’ என்று பெயர். விலை இருக்கும் இடத்தில் போலியும் வரும் என்பதை வணிகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்தில் பழுத்த மாம்பழம் உண்டு, கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததும் உண்டு. காசிலும் அதே கதைதான்.

முதலில் நிறம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். வெள்ளிக்குப் பகை கந்தகம். காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் கந்தக வாயுவோடு சேர்ந்து வெள்ளியின் மேல் மெல்லிய சல்பைடு படலம் உண்டாகிறது. மழைநீரில் சிந்திய பெட்ரோல் பல நிறம் காட்டுகிறதல்லவா, அதே ஒளிவித்தைதான் இங்கும். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது வெளிர் மஞ்சள்; சற்றுத் தடித்தால் பொன்பழுப்பு; பிறகு செம்மையும் ஊதாவும்; அதன்பின் நீலம். மேலும் தடித்தால் நிறங்கள் மறுபடி ஒரு சுற்று வந்து, கடைசியில் கறுப்பில் முடியும். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் உதவும். 1835 முதல் 1939 வரையிலான ரூபாயில் நூற்றுக்குச் சுமார் 91.7 பங்கு வெள்ளி, மீதி செம்பு. அதற்குப் பின் 1945 வரை வந்தவற்றில் வெள்ளி பாதிதான். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்திருப்பதால் அவை வேறு விதமாக மங்கும். 1947 ரூபாய் முழுக்க நிக்கல். அதில் இந்தப் பேச்சே இல்லை.

இந்தப் பித்து அமெரிக்காவில் முற்றியது. அங்கு மார்கன் டாலர் என்னும் வெள்ளிக் காசுகளை ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டி அரசுக் கருவூலத்தில் பல பத்தாண்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் பைகள் வெளியே வந்தபோது, துணியை ஒட்டிக் கிடந்த காசுகளில் அழகிய நிறம் ஏறியிருந்தது. சிலவற்றில் துணியின் நெசவுத் தடம்கூடத் தெரியும். அதற்கு விலை ஏற, உடனே செயற்கை நிறமும் தொழிலாகிவிட்டது. 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய தரச்சான்று நிறுவனங்கள், நிறம் செயற்கை என்று சந்தேகப்பட்டால் அந்தக் காசுக்கு வழக்கமான தர எண் கொடுப்பதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். சாத்தூர் பக்கத்து அச்சங்குளம், 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த கொடிய வெடிவிபத்தால் நாடெங்கும் பெயர் தெரிந்த ஊர். அச்சங்குளத்திலிருந்து சிவகாசி வரை, பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் இந்தப் பட்டையில் கந்தகம் அன்றாடச் சரக்கு. வெடிமருந்தில் கந்தகம், தீக்குச்சித் தலையில் கந்தகம். கந்தகத் தூளுக்குப் பக்கத்தில் சும்மா வைத்தாலே வெள்ளி கறுக்கும். அப்படியானால் தீப்பெட்டிப் பண்டல்கள் அடுக்கிய அறையில் நாற்பது வருடம் கிடந்து நீலம் பூத்த ரூபாய் இயற்கையா, செயற்கையா? இயற்கை என்றே நான் சொல்வேன். யாரும் விலைக்காக அதைச் செய்யவில்லை, காலம் செய்தது. அதே கந்தகத்தை ஒரு டப்பாவில் போட்டு, காசையும் உள்ளே வைத்துச் சூடு காட்டி, சில மணி நேரத்தில் அதே நீலத்தை வரவழைத்தால் அது செயற்கை. வேதியியல் இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் பழுத்த அனுபவசாலிகளும் சில காசுகளில் ஒத்துப்போவதில்லை.

ஆனால் எல்லாக் காசும் அவ்வளவு குழப்பம் தராது. ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துச் சுழற்றுங்கள். தேயாத காசில் ஒளிக்கீற்று சக்கரம் போல் சுற்றிவரும். இயற்கையான படலத்தின் ஊடாக அந்தப் பளபளப்பு தெரியும். அமிலமோ அதிகச் சூடோ பட்ட காசில் அது செத்துப்போயிருக்கும். அடுத்து நிற வரிசை. மஞ்சளிலிருந்து செம்மை வழியாக நீலத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். வெறும் வெள்ளிக்குப் பக்கத்திலேயே பளீரென்று நீலம் நின்றால் சந்தேகப்படுங்கள். எழுத்துகளை ஒட்டி நிறம் சற்று வெளிறி விலகி நிற்பது பெரும்பாலும் நல்ல அறிகுறி. ராஜாவின் கன்னம் தேய்ந்து, தேய்ந்த இடத்திலும் புது வண்ணம் மின்னினால், பாலிஷ் போட்ட காசுக்குப் பிறகு பூசிய நிறமாக இருக்கலாம். கீறல்களுக்குள்ளும் நிறம் இறங்கியிருந்தால், கீறலுக்குப் பின் வந்த நிறம் அது. பல வருடத்துக் காசுகள் பத்தும் ஒரே சாயத்தில் முக்கியது போலிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வார்னிஷ் போலப் பூசிய நிறமாக இருந்தால் சுத்தமான அசிட்டோனில் கரைந்து வந்துவிடும். சல்பைடு படலம் வராது. ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பற்றுவது. பட்டாசுச் சரக்கு வைத்திருக்கும் கடையில் அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

செயற்கை நிறத்தைவிட நம்மவர்களுக்கு அதிக நஷ்டம் தருவது வேறொன்று: விளக்கும் பழக்கம். குத்துவிளக்கைத் தேய்ப்பது போல ரூபாயையும் புளி, சாம்பல், திருநீறு, பற்பசை போட்டுத் தேய்த்துவிடுகிறோம். பளிச்சென்று ஆகும், ஆனால் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழுந்து, சேகரிப்பாளர் தரும் விலை வெள்ளி விலைக்கே இறங்கிவிடும். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் அங்கியிலிருந்த யானை பன்றி போல் தெரிகிறது என்று திரும்பப் பெறப்பட்ட ‘பன்றி ரூபாய்’ முடிப்பில் கிடந்து, அதைப் போய்த் தேய்த்துவிட்டால் யாரை நோவது? கறுத்த ரூபாயைக் கறுப்பாகவே காட்டி விற்பதுதான் லாபம்.

செம்புக் காசில் நிலைமை இன்னும் சிக்கல். பச்சையும் பழுப்புமான களிம்புதான் அதன் வயதுச் சான்று. அதையும் ரசாயனத்தால் வரவழைக்கிறார்கள். வைப்பாற்றுக் கரையில், வெம்பக்கோட்டைப் பக்கம் நிலத்தில் கிடைத்தது என்று யாராவது காசு கொண்டுவந்தால் நிறத்தைப் பார்க்குமுன் சட்டத்தைப் பாருங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வைத்திருக்கும் காசைக் காப்பதற்குப் பெரிய செலவில்லை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு, காசின் குறுக்கே கறுப்புக் கோடு விழும். முட்டைத் தட்டு, பூண்டு, வெங்காயம், பெருங்காயம், தீப்பெட்டி ஆகியவற்றின் பக்கத்திலும் வேண்டாம். மெத்தென்ற பிவிசி உறை நாளடைவில் பச்சைப் பிசுக்கு விடும். கெட்டியான மைலார் உறை நல்லது. காசை எடுக்கும்போது முகத்தைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும்.

விற்கிறவர்களுக்கு ஒரு செய்தி. பழைய காசு, நோட்டு வாங்கித் தருவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி முன்பணம், கமிஷன், வரி என்று கேட்பவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. அந்த வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று அது தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காசைக் கையில் வாங்கிப் பார்க்காமல், முன்பணம் அனுப்புங்கள் என்று போனில் சொல்லுகிறவரிடம் காசையும் கொடுக்க வேண்டாம், பணமும் அனுப்ப வேண்டாம்.