அணைந்தது எப்போது?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு அடுத்து நடந்ததைத்தான் நாம் அவ்வளவாகப் பேசவில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் தாமாகவே நின்றுகொண்டன. தொடர்ந்து ஓடினால் தமக்குக் கேடு என்று அவற்றின் பாதுகாப்பு அமைப்பு முடிவெடுத்தது.

திடீரென்று அணைந்துபோகும் மேசைக் கணினியும் பெரும்பாலும் இதையேதான் செய்கிறது. ஆனால் கடைக்குக் கொண்டுபோனால், "மதர்போர்ட் போயிற்று" என்ற ஒரே பதில் பல இடங்களில் கிடைக்கிறது. கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இருப்பது பாவித்த கணினி. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்காகக் கடன்பட்டு வாங்கியது. அந்த வீட்டார் இன்னொரு மதர்போர்டுக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: அணைந்தது எப்போது?

வேலை கூடும்போது, அதாவது வீடியோ ஓடும்போதோ விளையாட்டின் நடுவிலோ அணைந்து, உடனே போட்டால் மறுபடி சீக்கிரம் அணைந்து, அரைமணி ஆறவிட்டால் ஒழுங்காக ஓடுகிறதா? முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். புரோசசருக்கு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் எல்லை. அதை நெருங்கும்போது அது தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அப்படியும் சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லிவிடும். இந்தக் காவல் எப்போதும் இருந்ததில்லை. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற கணினி இணையதளத்தின் குழுவினர், ஓடிக்கொண்டிருந்த கணினிகளில் புரோசசர் மேலிருந்த வெப்பத்தகட்டைக் கழற்றிப் படம்பிடித்தார்கள். பென்டியம் 4 வேகம் குறைந்து தாக்குப்பிடித்தது, ஏ.எம்.டி. அத்லொன் கண்ணெதிரே புகைந்து கருகியது. இன்று உங்கள் கணினி கருகாமல் அணைகிறதே, அது உண்மையில் நல்ல செய்தி.

கண்டி 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் குளிரான ஊர், இங்கே கணினி சூடாகுமா என்று கேட்கலாம். நகரம் மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருப்பதால் வாகனப் புகையும் தூசியும் எளிதில் வெளியேறுவதில்லை. காற்றில் ஈரமும் அதிகம். ஈரம் பட்ட தூசி உதிராது, படியும். பக்கப் பலகையைக் கழற்றி, புரோசசர் மேலுள்ள விசிறிக்கு அடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத் தகடுகளின் இடைவெளியே தெரியாமல் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு விரித்ததுபோல் தூசி கிடக்கும். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும், காற்றுத்தான் உள்ளே இறங்காது. பிளக்கைக் கழற்றிவிட்டு, விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் துடையுங்கள். பாதிக் கணினிகளுக்கு இந்த வைத்தியமே போதும் என்பது என் எண்ணம்.

அணைவது மாலையில்தானா? 6.30க்குப் பிறகு ஊரே அடுப்பும் விளக்கும் போடும் நேரம். மின்குமிழ் ஒரு கணம் மங்கி மீள்கிறது, தொலைக்காட்சிக்கு ஒன்றுமில்லை, கணினி மட்டும் அணைந்து எழும்புகிறது என்றால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லி செக்கன். நல்ல பவர் சப்ளை, மின்சாரம் அறுந்தாலும் தன் கொள்ளளவியில் (கபாசிட்டரில்) சேர்த்துவைத்ததைக் கொண்டு ஏறத்தாழ 17 மில்லி செக்கன் வரை சமாளிக்கும். வயதானது அதற்குள்ளேயே தளர்ந்துவிடும். அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் சாம்பல் நிற வயர் ஒன்று, "மின்சாரம் சரி" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சொல் நின்ற கணமே மதர்போர்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

பவர் சப்ளையைக் குறைசொல்லுமுன் சுவரையும் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் உருண்டை முனை சொக்கட்டில் ஒரு மல்டி பிளக், அதில் ஓர் எக்ஸ்டென்ஷன், அதில் கணினி. மேசையைத் தட்டினால் அணைகிறது என்றால் கோளாறு அங்கேதான்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வேறு. இடிக்குப் பின் தொடங்கிய கோளாறு என்றால் ரவுட்டரிலிருந்து வரும் வயர் வழியாகவும் அடி விழுந்திருக்கலாம்; இடிமுழக்கம் கேட்கத் தொடங்கும்போதே அதையும் கழற்றிவிடுவது நல்லது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் "கேர்னல் பவர் 41" என்றொரு குறிப்பு இருக்கும். இதையே நோயின் பெயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒழுங்காக மூடப்படாமல் கணினி நின்றது என்பதைத் தவிர அது பெரும்பாலும் வேறெதையும் சொல்வதில்லை. ஆனால் அதன் பக்கத்தில், அணைந்த பின் கணினி மீண்டும் எழும்பிய நேரம் இருக்கும். அந்த நேரங்களை ஒரு கொப்பியில் எழுதி, அணைந்தபோது என்ன ஓடியது, விளக்கு மங்கியதா, இடி இருந்ததா என்று சேர்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பவர் சப்ளை மேல் சந்தேகம் வந்தால், நன்றாக ஓடும் இன்னொன்றை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மதர்போர்டை மாற்றுவதைவிட மலிவான சோதனை அது. மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைக் கொள்ளளவிகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்பதையும் நீங்களே பார்க்கலாம். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.