ஓயாமல் பேசும் ரவுட்டர்கள்

2015 ஜூன் 12, வெள்ளிக்கிழமை, மாலை 4.43 மணி. உலகின் பல பகுதிகளில் இணையம் திடீரென ஆமை வேகத்தில் நகரத் தொடங்கியது. கடலடிக் கேபிள் எதுவும் அறுந்துவிடவில்லை. நம் நாட்டின் டெலிகோம் மலேசியா வலையமைப்பு, 'லெவல் 3' என்ற பன்னாட்டு வலையமைப்பிடம் சுமார் 1 லட்சத்து 79 ஆயிரம் முகவரித் தொகுதிகளுக்கு "என் வழியாகப் போகலாம்" என்று தவறுதலாக அறிவித்துவிட்டது. லெவல் 3 அதை அப்படியே நம்பி, மற்றவர்களுக்கும் சொன்னது. எங்கெங்கோ போக வேண்டிய தரவுகள் இங்கே திரும்பின. நெரிசல் தாங்காமல் பல வழியிலேயே தொலைந்தன. நிலைமை சீராக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது.

இணையம் ஒரே வலை அல்ல. பல்லாயிரம் தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. டெலிகோம் மலேசியாவின் எண் 4788. இவற்றின் எல்லையில் இருக்கும் ரவுட்டர்கள், 1989-இல் உருவான பி.ஜி.பி. என்ற நெறிமுறைப்படி ஒன்றுக்கொன்று வழி சொல்கின்றன. முழு வரைபடம் எவரிடமும் இல்லை. பக்கத்து வலையமைப்பு சொன்னதுதான் வேதவாக்கு.

அதனால் என்ன சிக்கல்? ஜார்ஜ்டவுனில் இருக்கும் நீங்கள் பட்டர்வொர்த்தில் ஒரு கடைக்குப் போக வேண்டும். கடையை மூடிவிட்டார்கள், உங்களுக்குத் தெரியாது. முதல் பாலம் வழியாகப் போகச் சொன்ன நண்பர், "அந்த வழி வேண்டாம்" என்கிறார். செய்தி எட்டாத இன்னொருவர், "இரண்டாம் பாலத்தில் போ" என்கிறார். சற்று நேரத்தில் அவரும் மறுக்கிறார். மூன்றாமவர் ஃபெர்ரியைக் காட்டுகிறார். மூன்றும் பொய்த்த பிறகுதான் கடையே இல்லை என்று தெரிகிறது. ரவுட்டர்களும் இப்படித்தான் தடுமாறுகின்றன. நடந்தது ஒன்று, பறந்த செய்திகள் பல. இதைப் 'பாதை வேட்டை' எனலாம்.

வேறு காரணங்களும் உண்டு. சரியாகப் பொருந்தாத ஓர் இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்தால், ஒவ்வொரு முறையும் "வழி உண்டு", "வழி இல்லை" என்ற செய்தி உலகம் சுற்றும். 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைவிட வேடிக்கையானது. அப்போது இணையத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம் முகவரித் தொகுதிகளே இருந்தன. ஆனால் நாளொன்றுக்கு 30 முதல் 60 லட்சம் செய்திகள்! பெரும்பாலானவை வெறும் இரைச்சல். யாரிடம் என்ன சொன்னோம் என்பதைச் சில ரவுட்டர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சொல்லாத வழியையே "ரத்து" என்று திரும்பத் திரும்ப அறிவித்தன.

இரைச்சலை அடக்க 1998-இல் ஒரு முறை வகுக்கப்பட்டது. அடிக்கடி மாறும் வழிக்கு, பள்ளியில் போடும் 'டிமெரிட்' போலத் தண்டனைப் புள்ளிகள். வரம்பு மீறினால் அந்த வழி சிறிது நேரம் ஒதுக்கப்படும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரே ஒரு முறை அறுந்து மீண்ட இணைப்புகூட, பாதை வேட்டையால் பலமுறை மாறியதுபோலத் தோன்றித் தண்டனை பெறுவதை 2002-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். குற்றம் செய்யாதவனுக்கு டிமெரிட்! 2006-இல் ஐரோப்பிய வலையமைப்பாளர்கள் இம்முறையே வேண்டாம் என்றார்கள். வரம்பை உயர்த்தினால் பயன்படுத்தலாம் என்று 2013-இல் மாற்றிச் சொன்னார்கள்.

அந்த ஜூன் மாலைக்கு வேறு மருந்து இருந்தது. "இந்த வாடிக்கையாளர் இத்தனை வழிகளுக்கு மேல் சொன்னால் தொடர்பைத் துண்டி" என்று ரவுட்டரில் ஒரு வரியில் எழுதிவைக்கலாம். அந்த வரம்பு சரியாக வைக்கப்பட்டிருந்தால், கசிவு லெவல் 3-இன் வாசலிலேயே நின்றிருக்கும்.