பாசி வளரத்தான் செய்யும். எங்கே வளரணும்னு முடிவு பண்றது நீங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு முழுக்க ஒரே பிரச்சினையைப் பற்றித்தான்: வீட்டு ரீஃப் தொட்டியில் வேண்டாத பாசி. கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறவங்க அதிகமா கேட்கிற கேள்வி இது. "டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். ஆனா பாறை முழுக்க பச்சை முடி மாதிரி பாசி. சாப்பாடே இல்லாம இது எப்படி வளருது?"

சாப்பாடு இல்லாம வளரலை. வந்த சாப்பாடு எல்லாத்தையும் அதுவே சாப்பிட்டுடுச்சு. டெஸ்ட் கிட் அளக்கிறது தண்ணியில் மிச்சம் இருக்கிறதை மட்டும்தான். ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே வருது, அதில் எவ்வளவு பாசிக்குள்ளே போகுதுன்னு அது சொல்லாது. மாசக் கடைசியில் பேங்க் பேலன்ஸ் பூஜ்யம்னா சம்பளமே வரலைன்னு அர்த்தமா? வந்தது செலவாயிடுச்சு, அவ்வளவுதான்.

இது புரியாமப் போனால் நஷ்டம் பெரிசு. பாசியைப் பட்டினி போடுறோம்னு பாஸ்பேட்டை உறிஞ்சுற மருந்தை அள்ளிக் கொட்டுவாங்க. பாறையில் தேங்கியிருக்கிற பாஸ்பேட்டை வச்சு பாசி தாக்குப் பிடிச்சிடும். பவளம் அப்படித் தாக்குப் பிடிக்காது. நிறம் வெளுத்து, திசு உரிய ஆரம்பிச்சிடும். வருஷக் கணக்கா வளர்த்த பவளம் போன பிறகு பாசி மட்டும் மிஞ்சி நிற்கும்.

அதனால "பாசியை எப்படிக் கொல்றது"ங்கிற கேள்வியைக் கொஞ்சம் மாத்திக்கலாம். எவ்வளவு உள்ளே வருது? எவ்வளவு வெளியே போகுது? இந்த ரெண்டுதான் முக்கியம்.

கடல்லேயே நடந்த ஒரு உதாரணம்

ஜமைக்கா தீவைச் சுற்றி இருக்கிற பவளப்பாறைகளில், 1970-களின் கடைசியில் தரைப்பரப்பில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. பாசி தின்கிற மீன்களை ஏற்கெனவே பெருமளவு பிடிச்சுத் தீர்த்திருந்தாங்க. பாசியை மேய்ஞ்சு கட்டுக்குள் வச்சிருந்தது பெரும்பாலும் டயடெமான்னு ஒரு நீள முள் கடல் முள்ளெலிதான். 1980-ல ஒரு பெரிய புயல் பவளங்களை உடைச்சது. 1983-ல கரீபியன் கடல் முழுக்கப் பரவின ஒரு நோயில் அந்த முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கு மேல் செத்துப்போச்சு. 1990-களின் தொடக்கத்தில் பவளம் 5 சதவீதத்துக்கும் கீழே போய், பாறை மொத்தத்தையும் பாசி மூடிடுச்சு.

மேயறதுக்கு ஆள் இல்லாமப் போனது இதில் பெரிய காரணம். நம்ம தொட்டிக்கும் அதே விதிதான். ஆரோக்கியமான பாறையிலும் பாசி தினமும் முளைக்குது. முளைக்கிற வேகத்தில் யாராவது தின்னுடறதால நம்ம கண்ணுக்குத் தெரியறதில்லை.

முதல்ல, அது பாசிதானா?

புதுத் தொட்டியில் மணல் மேல் பழுப்புத் தூள் மாதிரி படிஞ்சா, அது பெரும்பாலும் டயட்டம். சிலிக்கேட்டை எடுத்துக் கண்ணாடி மாதிரி ஓடு கட்டுற நுண்பாசி. சில வாரத்தில் தானாகவே குறையும், பதற வேண்டாம்.

சிவப்பா, வழவழன்னு போர்வை மாதிரி உரிஞ்சு வந்தா அது சயனோபாக்டீரியா. பேச்சுக்குப் பாசின்னு சொன்னாலும் அது ஒரு பாக்டீரியா. தண்ணி ஓட்டம் குறைவான மூலையிலும் கழிவு தேங்குற இடத்திலும்தான் அதிகம் வரும். உறிஞ்சி எடுத்துட்டு, ஓட்டத்தை சரி பண்ணினாலே பாதி வேலை முடிஞ்சுது.

பச்சை முடி மாதிரி இருந்தா டெர்பீசியா அல்லது பிரையோப்சிஸ் மாதிரி இழைப்பாசி. இழையைத் தண்ணிக்குள் விரிச்சுப் பாருங்க: இறகு மாதிரி ரெண்டு பக்கமும் கிளைச்சிருந்தா பிரையோப்சிஸ். அதைப் பெரும்பாலான நத்தைகள் தொடாது. பச்சைக் குண்டுமணி மாதிரி இருந்தா வலோனியா. அதை உடைக்காம முழுசாக் கழற்றி எடுக்கிறது நல்லது.

பழுப்புச் சளி மாதிரி இழுபட்டு, நுனியில் காற்றுக் குமிழோட, பகலில் கூடி ராத்திரியில் குறைஞ்சா, அது டைனோஃபிளாஜெல்லேட் ஆக இருக்கலாம். இதுக்கு வைத்தியமே வேற, கடைசியில் வர்றேன்.

உள்ளே வர்ற வழி

ஒரு சின்னக் கணக்கு போடலாம். உலர் மீன் தீவன லேபிளில் பாஸ்பரஸ் 1 சதவீதம்னு போட்டிருக்குன்னு வச்சுக்குங்க. 1 கிராம் போட்டால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். அது மொத்தமும் பாஸ்பேட்டாக மாறினால் சுமார் 30 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டியில் அது 0.15 பிபிஎம். நிறையப் பேர் இலக்கா வைக்கிறதே 0.03-ல இருந்து 0.1 வரைக்கும்தான். மீன் கொஞ்சத்தை உடம்பில் சேர்த்துக்கும், ஸ்கிம்மர் கொஞ்சத்தை எடுக்கும். ஆனாலும் தினமும் எவ்வளவு பெரிய தொகை உள்ளே வருதுன்னு புரியுது இல்லையா?

இன்னொரு வழி தண்ணி. நம்ம ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகிறது சாதாரணம். மாசத்துக்கு 90 லிட்டர் ஊத்தறீங்க. ஆவியாகிறது தண்ணி மட்டும்தான். அதில் வந்த நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் தொட்டியிலேயே தங்கிடும். ஊத்தற தண்ணியில் 10 பிபிஎம் நைட்ரேட் இருந்தால், மாசத்துக்கு 200 லிட்டர் தொட்டியில் 4.5 பிபிஎம் கூடுது, ஒரு மீன் கூட இல்லாமலே.

"வீட்டில் ஆர்ஓ இருக்கே"ன்னு சொல்லுவீங்க. குடிக்கிறதுக்கான பல ஆர்ஓ மெஷினில் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும். ருசிக்காக, ஆர்ஓ சவ்வு வழியாப் போகாத தண்ணியைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும், இல்லைன்னா தாது சேர்க்கும். குடிக்க நல்லது, பவளத்துக்கு ஆகாது. கலப்பில்லாத ஆர்ஓ தண்ணியை ஒரு டிஐ ரெசின் வழியா விட்டு, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் வருதான்னு பாருங்க. பூஜ்யத்தைத் துரத்த வேண்டிய ஒரே இடம் இதுதான்.

வெளியே போற வழி

முதல் வழி உங்க கைதான். பல் துலக்குற பிரஷ்ஷை சைஃபன் குழாயோட சேர்த்துக் கட்டி, தேய்க்கும்போதே உறிஞ்சி எடுங்க. பிச்சுப் போட்ட இழை தொட்டியிலேயே மிதந்தால், அழுகி அதே சத்து திரும்பத் தண்ணிக்கு வரும். துண்டுகள் வேற இடத்தில் ஒட்டி வளரும். எடுத்த பாசிக்குள்தான் உங்க டெஸ்ட் கிட் காட்டாத நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கு.

ரெண்டாவது, மேய்ச்சல். நத்தைகள் நீளமா வளர்ந்த இழையைப் பெரும்பாலும் தொடாது. குட்டையா முளைக்கிறதைத்தான் மேயும். அதனால கையால் எடுத்த பிறகு விடுங்க, முன்னாடி இல்லை. டிரோக்கஸ் நத்தை கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துக்கும். ஆஸ்ட்ரியா நத்தைக்குப் பல சமயம் நீங்கதான் கை கொடுக்கணும்.

மூணாவது, எனக்குப் பிடிச்சது: பாசிக்குன்னே ஒரு இடம் கொடுக்கிறது. ஸ்மித்சோனியனில் வேலை பார்த்த வால்டர் ஏடி, பாசியையே வடிகட்டியாக்கினார். தண்ணி ஓடுற வலைத் திரையில் பலமான வெளிச்சம் அடிச்சு அங்கேயே பாசியை வளர்த்து, அப்பப்போ சுரண்டி எடுக்கிறது. வீட்டில் அதையே சம்ப்பில் பண்ணலாம். சம்ப்னா வாசலில் இருக்கிற தண்ணித் தொட்டி இல்லை. மீன் தொட்டிக்குக் கீழே கேபினட்டில் வைக்கிற வடிகட்டித் தொட்டி. அதில் சீட்டோமார்ஃபா பாசியைப் போட்டு, ராத்திரியில் விளக்கு எரிய விட்டால், மேல் தொட்டி இருட்டா இருக்கிற நேரத்தில் பிஹெச் விழறதும் குறையும்.

ஒரு நிபந்தனை: அறுத்த பாசியைக் கடலிலோ கால்வாயிலோ விடாதீங்க, காய வச்சுக் குப்பையில் போடுங்க. மத்தியதரைக் கடலில் 1984-ல மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே தெரிஞ்ச காலர்ப்பா டாக்ஸிஃபோலியா பல நாட்டுக் கரைகளுக்குப் பரவிச்சு. நம்ம பக்கமே, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளங்கள் மேல் படர்ந்ததை 2008-ல ஆய்வாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க.

பூஜ்யம் ஏன் ஆபத்து

இப்போ டைனோஃபிளாஜெல்லேட். இது அதிகமா வர்றது நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் அடிமட்டத்துக்குப் போன தொட்டியில்தான். மற்ற நுண்ணுயிர்கள் பட்டினியில் ஒதுங்கின இடத்தை இது பிடிச்சுக்கும். சில வகை நஞ்சு சுரக்கும். மேய்ஞ்ச நத்தை செத்துப்போகும். இங்கே தண்ணியை மாத்தி மாத்தி இன்னும் சுத்தமாக்கினால் நிலைமை மோசமாகும். அளவா தீவனத்தைக் கூட்டி, நைட்ரேட்டை 5 பிபிஎம் பக்கமும் பாஸ்பேட்டை 0.05 பக்கமும் கொண்டுவரணும். முடிஞ்சா ஒரு சின்ன மைக்ரோஸ்கோப்பில் வகையைப் பாருங்க. ராத்திரியில் தண்ணிக்குள் மிதக்கிற ஆஸ்ட்ரியாப்சிஸுக்கு யூவி விளக்கு உதவும். மணலிலேயே கிடக்கிற ஆம்ஃபிடினியத்துக்குப் பெரிசா உதவாது.

இந்த வாரம் என்ன செய்யலாம்

டிடிஎஸ் அளங்க. தீவனத்தை ஒரு தடவை எடை போட்டுப் பாருங்க. ஒரே ஒரு பாறையை முழுசாச் சுத்தம் பண்ணி, மேயறதுக்கு நாலு நத்தை விடுங்க. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். அப்போதான் எது வேலை செஞ்சுதுன்னு தெரியும். டெஸ்ட் எண்ணோட, ஒரே இடத்தில் நின்னு வாரம் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்க.

ஒரு விஷயம் எதிர்பார்த்துக்குங்க: பாசி குறையும்போது டெஸ்ட் எண் கொஞ்சம் ஏறலாம், ஏன்னா அதைத் தின்ன வாய் குறைஞ்சிடுச்சு. பாறையில் ஊறின பாஸ்பேட்டும் மெதுவா வெளியே வரும். அதைப் பார்த்து பயந்து மருந்துப் பாட்டிலைத் திறக்காதீங்க. மாசக் கணக்கில் சேர்ந்தது மாசக் கணக்கில்தான் போகும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.