உயிரோடு இருக்கும்போதே பார்க்கும் கண்

தோட்டத்தில் வேர் உள்ள குடும்பங்களுக்குக் குளிர்காய்ச்சலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. குருண், பீடோங் பக்கம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொயினாவின் கசப்பை இன்றும் முகம் சுளித்துக்கொண்டே சொல்வார்கள். டிரெஸர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மலேரியா கிருமி தெரியும்.

ஆனால் அது செத்த கிருமி. எங்கிருந்து வந்தது, எப்படித் தப்பியது என்பதைத் தகடு சொல்லாது. திருவிழாவை ஒரே ஒரு போட்டோவில் பார்ப்பதுபோலத்தான்.

“ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு இத்தனை லட்சம் ரிங்கிட்டா?” என்று எங்கள் வானொலி நிகழ்ச்சியில் ஒரு நேயர் கேட்டார். நியாயமான கேள்வி. உயிருள்ள திசுவின் உள்ளே பார்க்கும் நவீன கருவிகளைப் பற்றித்தான் அன்று பேசிக்கொண்டிருந்தோம்.

உயிருள்ள திசுவைப் பார்ப்பதில் இரண்டு சிக்கல்கள். பால் டம்ளரில் டார்ச் அடித்தால் ஒளி சிதறுவதுபோல, சதைக்குள்ளும் ஒளி சிதறிவிடும். ஒளியைக் கூட்டினாலோ செல்கள் சேதமாகும். 1990-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வின்ஃப்ரீட் டெங்க், ஜேம்ஸ் ஸ்ட்ரிக்லர், வாட் வெப் மூவரும் இதற்கு வழி கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை மிக மிகச் சிறு துடிப்புகளாக அனுப்பினார்கள். இரண்டு ஒளித்துகள்கள் ஒரே நேரத்தில் வந்து சேரும் இடம் மட்டுமே ஒளிரும். சுற்றியுள்ள திசுவுக்குப் பாதிப்பு குறைவு. இதுதான் ‘டூ-ஃபோட்டான்’ மைக்ரோஸ்கோப். மயக்க மருந்து கொடுத்த எலியின் மூளையில், செல்கள் வேலை செய்வதை இதில் நேரடியாகப் பார்க்கலாம்.

உயிருள்ள திசுவைப் பார்த்ததால் மலேரியாவிலேயே ஒரு பெரிய செய்தி கிடைத்தது. கல்லீரல் செல்லுக்குள் பெருகும் கிருமிகள் அதை வெடித்துக்கொண்டு வெளியேறும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2006-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் உயிருள்ள எலியின் கல்லீரலைப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. நோயுற்ற செல்லின் சவ்வையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு, கிருமிகள் பொட்டலம் பொட்டலமாக ரத்தத்தில் நழுவின. உடலின் காவல் செல்களுக்கு அவை அந்நியராகத் தெரியவில்லை. இந்தத் தந்திரத்தைச் செத்த திசுவில் கண்டுபிடிப்பது கடினம்.

மலேரியா பழைய கதை என்று நினைக்க வேண்டாம். மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் ‘நோலெஸி’ மலேரியா இன்னும் இருக்கிறது. சரவாக்கின் காப்பிட்டில் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் 208 நோயாளிகளின் ரத்தத்தை மரபணுச் சோதனை செய்து, 120 பேருக்கு நோலெஸி என்று 2004-இல் அறிவித்தார்கள். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அது வேறு வகை மலேரியா போலவே தெரிந்திருந்தது.

சரி, பணம் இருந்தால் போதுமா? போதாது. லாரி போனால்கூட அதிராத மேசை வேண்டும், இருட்டறை வேண்டும், வெப்பம் மாறாத ஏர்கோன் வேண்டும். நம் ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இடி மழையில் கரண்டு போனால் ஆய்வே பாழ். பராமரிப்புச் செலவு வருடா வருடம் வரும். எல்லாவற்றுக்கும் மேல், கருவியை அறிந்த ஓர் ஆள் முழுநேரமும் வேண்டும். அவர் இல்லாவிட்டால் விலை உயர்ந்த பெட்டி துணி போர்த்தித் தூங்கும்.

அதனால்தான் உலகம் பகிர்ந்துகொள்ளப் பழகுகிறது. ‘யூரோ-பயோஇமேஜிங்’ அமைப்பின் வழியாக ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் தம் கருவிகளைப் பிற நாட்டு ஆய்வாளர்களுக்கும் திறந்துவிடுகின்றன. வட மலேசியப் பல்கலைக்கழகங்களும் ஆளுக்கொன்று வாங்குவதைவிட, சேர்ந்து ஒன்றை வாங்கி, அதற்கு நல்ல ஆட்களை நியமிப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

அந்த ஆட்கள் யார்? டாக்டராக வேண்டும் என்று மட்டுமே பிள்ளைகளிடம் சொல்லி வளர்க்கிறோம். இந்தக் கருவியோ இயற்பியல் படித்தவரை, கணினி நிரல் எழுதுபவரை, உயிரியல் தெரிந்தவரைத் தேடுகிறது. 2001-இல் தொடங்கிய, இப்போது செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நமக்குப் பக்கம், பினாங்கும் தூரமில்லை. அடுத்த முறை ஓப்பன் டேவுக்குப் போனால், கட்டணத்தைக் கேட்ட பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: “உங்கள் மைக்ரோஸ்கோப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அந்த வேலைக்கு என் பிள்ளை என்ன படிக்க வேண்டும்?”