ஏர்கன் ரிவ்யூ போடப் போறீங்களா? கேமராவை ஆன் பண்ணும் முன் ஒரு கணக்கு

போனில் 'ஏர்கன்' என்று தமிழில் தேடிப் பாருங்கள். பெட்டியைப் பிரிப்பது, ஸ்கோப் மாட்டுவது, தகர டப்பாவைத் துளைப்பது என்று வீடியோக்கள் வரிசை கட்டி வரும். பார்த்ததும் "நாமளும் ஒண்ணு போட்டா என்ன?" என்று தோன்றுவது இயல்புதான். போடலாம். ஆனால் செல்போன் ரிவ்யூ மாதிரி இதை நினைத்துவிடக் கூடாது. கையில் இருப்பது என்ன, எவ்வளவு வேகத்தில் சுடுகிறது, எந்த இடத்தில் நின்று சுட்டீர்கள் என எல்லாவற்றையும் உங்கள் வீடியோவே பதிவு செய்து வைத்துவிடுகிறது. உரிமம் தேவைப்படும் ஒன்று உரிமம் இல்லாமல் உங்கள் கையில் இருந்தால், அதற்கு வேறு சாட்சியே தேட வேண்டாம்.

20 ஜூல், 4.5 மி.மீ.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இதில் அடிப்படை. காற்றழுத்தத் துப்பாக்கி என்றாலே உரிமம் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. குழாயின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ, குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் கட்டாயம். கடையில் 'பாயிண்ட் டூ டூ' என்று சொல்லப்படும் 5.5 மி.மீ. ஏர்கன் முதல் நிபந்தனையிலேயே மாட்டிக்கொள்கிறது.

இரண்டாவது நிபந்தனைதான் ரிவ்யூ செய்பவர்களைக் கவிழ்ப்பது. கணக்கு பள்ளியில் படித்ததுதான்: எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். வழக்கமான 4.5 மி.மீ. ஈயக் குண்டு ஒன்று சுமார் 0.52 கிராம் இருக்கும். அது நொடிக்கு 277 மீட்டரை எட்டும்போதே 20 ஜூல் வந்துவிடுகிறது. விளம்பரங்களில் பெருமையாகப் போடும் 'நொடிக்கு 1,000 அடி' என்பது 305 மீட்டர். இதே குண்டு நிஜமாகவே அந்த வேகத்தில் போனால் ஆற்றல் சுமார் 24 ஜூல். எடை குறைந்த குண்டைப் போட்டு அந்த வேகத்தைக் காட்டியிருக்கலாம் என்பது வேறு விஷயம். ஆனால் உங்கள் துப்பாக்கியில் நீங்கள் போடும் குண்டுக்கு என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவர் ஸ்பிரிங்கை மாற்றி 'பவர்' ஏற்றுகிறார். வேகம் அளக்கும் குரோனோகிராஃபை வைத்து, எண்ணை கேமராவுக்குக் காட்டி, "பாருங்க நண்பர்களே!" என்கிறார். குண்டின் எடையையும் அவரே சொல்லிவிடுகிறார். மீதி வகுத்தல் கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. லைக் எத்தனை வந்தாலும் இதற்கு ஈடாகாது.

"மாமாவோட கன்தான், லைசென்ஸ் இருக்கு"

உரிமம் இருப்பது மாமாவுக்கு, உங்களுக்கு அல்ல. உரிமதாரரின் முன்னிலையிலோ அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதியோடோ இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு மூன்றே காரணங்கள்தான்: பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது அந்த உரிமதாரரே பயன்படுத்த. தம்ப்நெயிலுக்குப் போஸ் கொடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவது போன்ற வீடியோ இன்னும் மோசம். மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்துக்காகச் சுட்டால், உரிமம் இருந்தாலும் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இடமும் முக்கியம். நம் ஊசுடு ஏரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. சுட வேண்டும் என்பதில்லை, நுழைந்தாலே போதும். "சும்மா ரேஞ்ச் டெஸ்ட்" என்ற பதில் அங்கே எடுபடாது. அருணாச்சலப் பிரதேசத்தில் பறவைகளையும் விலங்குகளையும் காப்பதற்காகவே 2021இல் மக்களிடம் ஏர்கன்களைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி அரசு ஓர் இயக்கம் நடத்தியது. ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. விளையாட்டுச் சாமான் போலத் தெரிவது காட்டில் என்ன செய்யும் என்பதற்கு அதுவே போதும்.

யூடியூபுக்கும் தனி விதிகள் இருக்கின்றன. துப்பாக்கி விற்கும் தளத்துக்கு இணைப்புக் கொடுக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது எப்படி என்று காட்டக் கூடாது. துப்பாக்கியைக் கையில் வைத்தபடி லைவ் வரவும் கூடாது. 2024 ஜூனில் விதிகள் மேலும் இறுகின: தானியங்கித் துப்பாக்கி, வீட்டில் செய்த துப்பாக்கி ஆகியவற்றைச் சுட்டுக் காட்டும் வீடியோக்களை 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பார்க்க முடியாது. கம்பெனி ஓசியில் கொடுத்த பொருள் என்றால் அதை வீடியோவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். இது யூடியூப் விதி மட்டும் அல்ல, நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதலும்கூட.

ஸ்கோப்பில் பேச நிறைய இருக்கு

எல்லாமே 'கூடாது'தானா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பார்ப்பவருக்கு நிஜமாகவே உதவும் விஷயம் ஸ்கோப்பில்தான் இருக்கிறது. சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் சட்டப்படி துப்பாக்கி என்ற விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடும். அதைத் தொடவே வேண்டாம். சாதாரண ஸ்கோப் அந்த வரிசையில் இல்லை. (பிரான்சில் இருந்து வரும் உறவினரிடம் வாங்கி வரச் சொல்வதாக இருந்தால் மட்டும், முதலில் சுங்கத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.)

ஸ்கோப்பில் '3-9×40' என்று எழுதியிருக்கும். 3 மடங்கில் இருந்து 9 மடங்கு வரை பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மி.மீ. என்று பொருள். இதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். பலர் சொல்லாமல் விடுவது இதுதான்: ஸ்பிரிங் ஏர்கன் சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னாலும் இழுக்கும். பின்னுதைப்பை மட்டும் தாங்கச் செய்த ஸ்கோப், விலை அதிகமாக இருந்தாலும், இதில் உள்ளே ஆடிப்போகும். இன்னொன்று, பல ஸ்கோப்கள் 100 கஜம் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. 10 மீட்டரில் படம் மங்கும், கண்ணை லேசாக நகர்த்தினால் குறிக்கோடும் நகர்ந்தது போலத் தெரியும். 10 கஜம் வரை சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று காட்டினாலே உங்கள் ரிவ்யூ பயனுள்ளதாகிவிடும். எந்த ஸ்கோப்பானாலும் அதன் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், பார்க்க வைக்காதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், உலகத் தரப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு ஸ்கோப்பே கிடையாது. சின்னத் துளை வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் 0.5 மி.மீ. நம் பக்கத்து ஊரான கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடியது இந்தப் பிரிவில்தான். நிஜமாகச் சுடும் ஆசை இருந்தால், தேசிய ரைபிள் சங்கத்தோடு இணைந்த கிளப்பில் சேர்ந்து, பயிற்சியாளர் முன்னிலையில், அவர்கள் அனுமதியோடு படம் எடுப்பதே நல்ல வழி.

பரணில் பழைய துப்பாக்கி இருந்தால்

நம் ஊர்ப் பழைய வீடுகளில் தாத்தா காலத்துத் துப்பாக்கி சுவரிலோ பரணிலோ கிடப்பது உண்டு. 'பிரெஞ்சுக்காரன் காலத்து கன்' என்று வீடியோ போட ஆசை வரும். பழசு என்பதால் மட்டும் விலக்குக் கிடைக்காது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு, அதை முடிவு செய்வது நீங்கள் இல்லை. உரிமதாரர் இறந்துவிட்டால் வாரிசுகள் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு பெயரில் உரிமம் வேண்டுமென்றால் 21 வயது நிறைந்தவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஒப்படைக்கிறேன் என்று அதைப் பையில் போட்டு பைக்கில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். முதலில் காவல் நிலையத்துக்குப் போன் செய்து எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். அடையாளம் காட்ட ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேட்டஸில் மட்டும் வைக்காதீர்கள்.